முன்னூறு செல்லும் ஒரு மீசையும்

"போறதுன்னா போம்மா. ஆனா உன் கருத்து தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டுப் போ."

ஆய்வு மாணவி நீட்டிய விலகல் கடிதத்தைப் பேராசிரியர் பிரிக்கக்கூட இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் 'முன்னூறு'. எண்ணுவதில் முன்னூறு செல்லுக்கு ஒன்று குறைந்தாலும் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கே நான்கு முறை பரிசோதனை பாழாகி, மனம் விட்டுப்போயிருந்தது.

சண்டை இதுதான். வைரஸ் புகுந்த செல் இரண்டாகப் பிரியாமல் நின்றுவிடுகிறது. செல்லே பயந்து நிற்கிறது என்பது பேராசிரியர் கட்சி. பிரிவதற்கு வேண்டிய ஒரு புரதத்தை வைரஸ் அழித்துவிடுகிறது என்பது இவள் கட்சி. வைரஸால் அழிக்க முடியாதபடி அந்தப் புரதத்தை மாற்றி உள்ளே கொடுத்தால், செல் பிரிந்தாக வேண்டும்.

"என் கருத்து தப்பில்லை சார்."

"அப்போ நிரூபி. நீ ஜெயிச்சா இதை எடுத்துடறேன்." முப்பத்தோரு வருடத்து மீசையை முறுக்கினார்.

"முழுசாவா?"

"ஒரு முடி மிச்சமிருக்காது. ஆனா தோக்கப்போறது நீதான்."

டெக்னீஷியன் அண்ணன் அவள் காதருகே குனிந்தார். "விட்டுடாதே முன்னூறு! அந்த மீசை போறதைப் பாக்காம நான் ரிட்டயராகவே மாட்டேன்."

கடிதம் அவள் பைக்குள் திரும்பிப் போனது.

பதினோரு நாள் கோபத்தையே தின்று, கோபத்தையே குடித்து வேலை செய்தாள். பன்னிரண்டாம் நாள் காலை எண்ணினாள். முன்னூறில் இருநூற்று முப்பத்தொன்று பிரிந்திருந்தன. மறுபடி எண்ணினாள். அதே இருநூற்று முப்பத்தொன்று.

"மீசை!" என்று கத்தினாள்.

அண்ணன் சுழல் நாற்காலியில் மூன்று சுற்று சுற்றி, அலமாரியில் போய் முட்டினார்.

பேராசிரியர் வந்தார். தானும் எண்ணினார். நேரே கை கழுவும் அறைக்குள் போனார். வெளியே வந்தவரைப் பார்த்து அண்ணன், "யார் சார் வேணும்?" என்றார்.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு தன் அறைக்குள் போனவர், கதவைச் சாத்திக்கொண்டார்.

"நல்லா வேணும்!" என்று அவள் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பேராசிரியரின் மனைவியிடமிருந்து போன்.

"ஜெயிச்சிட்டியாமே! ரொம்ப சந்தோஷம்மா."

"மன்னிச்சிடுங்க மேடம். சார் அவ்வளவு அடிச்சுப் பேசினதாலதான் நானும்..."

"பேசுவார், பேசுவார். பந்தயம் கட்டறதுக்கு முந்தின வாரமே அதே பரிசோதனையைத் தனியா செஞ்சு எண்ணிப் பாத்துட்டாரே! நீ சொன்னதுதான் சரியாம்."

அவள் சிரிப்பு நின்றது. "அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் சொன்னா என் கண்டுபிடிப்பாயிடும், அவளே எண்ணட்டும்'னார். 'அதுக்கு மீசையையா பணயம் வைக்கணும்?'னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'மீசை ரெண்டு மாசத்துல திரும்ப வந்துடும். அந்தப் பொண்ணு போனா வருவாளா?'ன்னார்."