மூன்றாவது மேஜை

சேர்க்கை நேரத்தில் பெற்றோருக்கு உலகத் தரம் என்று சுற்றிக் காட்டுகிற ஆய்வுக்கூடம் இதுதான். இன்று வேதியியல் செய்முறைத் தேர்வு. மின்விசிறிகளை நிறுத்தியிருப்பதால் பியூரெட்டிலிருந்து விழும் சொட்டுச் சத்தம்கூடக் கேட்கிறது. இரண்டாவது மேஜைப் பையன் குடுவையை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பார்க்கிறான். இளஞ்சிவப்பு. அவன் விடும் பெருமூச்சு கடைசி மேஜை வரை போகிறது. மூன்றாவது மேஜைப் பெண்ணின் குடுவை மட்டும் வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கிறது. அவள் பியூரெட்டின் குழாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், குடுவையைச் சுழற்றுகிறாள், மறுபடி திறக்கிறாள். நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டால்தானே நிறம் வரும்? அந்தக் குட்டி பாட்டில் அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே மூடி திறக்காமல் நிற்கிறது. கதவோரம் நிற்கும் வேதியியல் டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். வீட்டில் அந்தப் பெண்ணுக்கு அம்மா, இங்கே மிஸ். அவர் விரல்கள் கையிலிருக்கும் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுகின்றன. மகள் நிமிர்கிறாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"மிஸ், கலரே வரமாட்டேங்குது."

டீச்சரின் பார்வை பாட்டில் பக்கம் ஓடப் பார்க்கிறது. அதை இழுத்துப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தில் வைக்கிறார்.

"பேசக் கூடாது. செய்."

வேறு பள்ளியிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் டீச்சரின் காதருகே குனிகிறார்.

"நிறங்காட்டியே விடல, பாத்தீங்களா? கோட்டை விட்டுடுச்சு, பாவம். யார் வீட்டுப் பொண்ணு?"

"மூணாவது மேஜை, சார்" என்கிறார் டீச்சர்.