பாஸ்வேர்டு தனி மெயிலில்

ஒசாகா அலுவலகத்தில் எல்லோருடைய மெயில் பெட்டிகளையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தாள் ஹதனாகா. பிரிவுத் தலைவர் குரிமோட்டோ பதினேழாவது முறையாக வந்து நின்றார்.

"ஹதனாகா சான், அகிதாவிலேருந்து ஃபைல் வந்துடுச்சு. பூட்டியிருக்கு. பாஸ்வேர்டு வழக்கம்போல தனி மெயில்ல வரணும், காணோமே!"

"அது பழைய சர்வருக்குப் போயிருக்கும் சார். அதை இன்னும் மூடலை. அங்க விழறதெல்லாம் தானா இங்க வந்துடும்."

"சாயங்காலம் நான் அகிதா போறேன். ஃபைலைப் பாக்காமப் போய் நின்னா உசுரோட விடமாட்டாங்க."

"போன் பண்ணிக் கேளுங்களேன்."

"பண்ணினேன். அனுப்பினவங்க தூங்கறாங்களாம், எழுப்பக் கூடாதாம்."

"பட்டப்பகல்லயா? குடுத்துவெச்ச கம்பெனி!"

அப்போது அந்த மெயில் வந்து விழுந்தது.

'விதிப்படி, கடவுச்சொல் தனியாக: 3240. நம் மகளின் எடை, கிராமில்.'

பிரசவத்துக்கு அகிதாவில் உள்ள தாய்வீடு போயிருந்த குரிமோட்டோவின் மனைவி வங்கியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். பிள்ளையின் முதல் படத்தைக்கூடப் பூட்டாமல் அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை.

படத்தைப் பார்த்து முடித்த குரிமோட்டோ, நெற்றி மேஜையில் இடிக்கும்வரை குனிந்து ஹதனாகாவை வணங்கினார். பிறகு எழுந்துபோய், பழைய சர்வருக்கும் அதே அளவு குனிந்தார்.