கீழே ஒரு கையெழுத்து

"அந்த பாரத்த இப்படி குடும்மா."

போட்டியில் சேர வாசலில் கொடுத்த அச்சடித்த தாள் அது. குமுதா கொடுக்கவில்லை. டவுன் ஹாலில் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலாயுதம் அதை வெடுக்கென்று பிடுங்கி இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

"என்ன அங்கிள் இது? பிள்ளை ஒரு வாரமா வரைஞ்சு பழகி வந்திருக்கு."

"போட்டியெல்லாம் வேணாம். வீட்டுக்குப் போ லா."

கிள்ளானில் அந்தப் பழைய டவுன் ஹாலை நேரில் பார்த்துப் பென்சிலால் வரையும் போட்டி. முதல் பரிசு சைக்கிள்.

"ஜாகா காலையிலேயே தண்ணி ஏத்திக்கிட்டு வந்திருக்கு. மூஞ்சப் பாரு," என்றாள் பக்கத்து வீட்டு தனலெட்சுமி.

குமுதா யாரையும் எதிர்த்துப் பேசாதவள். அன்று மகள் தாமரைக்காகப் பேசினாள். ஹாலைப் பராமரிக்கிற கம்பெனிதான் போட்டியை நடத்தியது. அந்தக் கம்பெனி ஆளிடமே போய் நின்றாள்.

"பாஸ், உங்க ஜாகா எங்கள விரட்டுறாரு."

அவர் சிரித்த முகமாக அதே பாரத்தில் இன்னொன்றை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். குமுதா படித்தது ஆறாம் வகுப்பு வரைதான்.

"சும்மா ஃபார்மாலிட்டி அக்கா. பேரு, அடையாள கார்டு ஐசி நம்பர். கீழ ஒரு கையெழுத்து."

போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வேலாயுதம் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போனார். 'நாளையிலேர்ந்து வராதீங்க' என்று பாஸ் அவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டாள் குமுதா.

தாமரை ஒரு ஜன்னல் விடாமல் வரைந்தாள்.

"அம்மா, உங்க கல்யாண போட்டோவுல இருக்கிற படிக்கட்டு இதுதானே?"

"இதேதான். நல்லா வரை."

முதல் பரிசு அவளுக்குத்தான்.

சாயங்காலம் சைக்கிள் வீட்டு வாசலில் பளபளவென்று நின்றது. உள்ளே தாமரை, கிழிந்த தாள் இரண்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இதை ஏன்டி தூக்கிட்டு வந்த?"

"பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. வரைஞ்சு பாக்கலாம்னு எடுத்தேன்."

ஒட்டிய தாளைத் திருப்பினாள். இங்கிலீஷை ஒவ்வொரு சொல்லாகப் படித்து, தமிழில் சொன்னாள்.

"'நான் இந்த வட்டாரத்துல குடியிருக்கேன். டவுன் ஹால இடிச்சு, அடுக்குமாடி கொண்டோ கட்ட... சம்மதிக்கிறேன்.'"

குமுதா வாசலில் நின்ற சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ ஒரு கோடு போட்டிருக்கும்மா, கையெழுத்து போடறதுக்கு."

தாமரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல போய் யாராச்சும் கையெழுத்து போடுவாங்களாம்மா?"