சுகுமார் எழுதிய பிரிவு

நாடே செல்போனில் புதிய அரசியல் சாசனம் எழுதிக்கொண்டிருந்த கோடை அது. வேலூரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சுகுமாரும் ஒரு பிரிவை எழுதிப் பதிவு போட்டான்: 'வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் யாரையும் வெளிவேலைக்கு அனுப்பக் கூடாது.' ஆதரவு மளமளவென்று ஏறியது.

வாக்கெடுப்பு முடிய இரண்டு நாள் இருந்தபோது, நாற்பத்தேழு டிகிரி வெயிலில், யாருடைய பிரியாணிப் பொட்டலத்தையோ கையில் பிடித்தபடி அவன் சுருண்டு விழுந்து செத்துப்போனான்.

அவன் கடைசியாகப் போட்ட பதிவு அந்தப் பிரிவுதான். அதனால் சொந்தக்காரர்களும் நண்பர்களும் அங்கேயே துக்கம் விசாரித்தார்கள். முகம் தெரியாதவர்கள்கூட ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இத்தனை பேர் அழுகிறார்களே என்பது ஒன்றுதான் அவன் மனைவி நிரோஷாவுக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த கொழுந்தன் தீனா, போனைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணி, அண்ணன் எழுதினது தள்ளுபடி ஆயிடுச்சு."

"எப்படி தீனா? ஊரே வந்துச்சே?"

"வந்தவங்க எல்லாரும் அழுற முகத்தைப் போட்டிருக்காங்க அண்ணி. இந்த ஓட்டுல அதைப் போட்டா வேணாம்னு அர்த்தமாம். மாத்தவும் முடியாதாம்."

நிரோஷா போனை வாங்கினாள். விரலால் தள்ளித் தள்ளி, அழுகிற முகங்களின் வரிசையில் அடிவரைக்கும் போனாள். எல்லாவற்றுக்கும் கீழே, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துகொண்டு முதல் ஆளாக அவள் போட்டது இருந்தது.