சிப்பாய்க்குக் கண் வரைந்த நாள்

ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கட்டைவிரல் உயரமே இருந்த பிளாஸ்டிக் விண்வெளிச் சிப்பாய் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கவசத்துக்குப் பச்சை வண்ணம் பூசியாயிற்று. கண் மட்டும் பாக்கி.

"பிரஷ் கொஞ்சம் பிசகினாலும் ஆயுசுக்கும் இருட்டுதான். என் இடது கண் அப்படித்தான் போச்சு," என்றார் பக்கத்தில் நின்ற தளபதி பொம்மை.

ஊசிமுனை அளவு ஈரம் இரண்டு முறை சிப்பாயின் முகத்தில் பட்டது. சட்டென்று உலகம் திறந்தது. எதிரே மலை மலையாக மூன்று முகங்கள்!

"தளபதி, இந்த ராட்சதர்களோடயா நாம சண்டை போடணும்?"

"இல்லப்பா. விளக்குப் பிடிக்கிறது அப்பா, உன்னை ஆடாமப் பிடிச்சிருக்கிறது அம்மா, வரைஞ்சது அவங்க பொண்ணு நிலானி. உன் கண் நல்லா வரணும்னு மூணு பேரும் மூச்சுகூட விடல."

சிப்பாய் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

மறுநாள் அதே மேசையில், மூவரும் பொம்மைப் படைகளை வைத்துப் பகடை உருட்டி ஆடும் போர் நடந்தது. எதிர்ப்படைக்காக அம்மா உருட்டிய பகடையில் ஆறு விழுந்தது. சிப்பாய் முதல் ஆளாகச் சாய்ந்தான். சுற்றிலும் ஒரே கூச்சலும் சிரிப்பும்.

"முதல் சண்டையிலேயே செத்துட்டியேப்பா! வருத்தமா இருக்கா?" என்று கேட்டார் தளபதி.

"இல்ல தளபதி. மல்லாந்து படுத்தா மூணு முகமும் ஒண்ணாத் தெரியுது."