பேங்! கிராஷ்! ஸ்லாம்!

"மச்சான், இங்கிலீஷ் பேப்பர்ல என்னைப் பத்திப் போட்டிருக்காங்கடா!" வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார் டிரம்மர். கையிலிருந்த நாளிதழ் கொடி மாதிரி படபடத்தது.

போனை வைத்ததும் மனைவியிடம் ஓடி வந்தார். அவள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை.

"டீச்சரம்மா, தலைப்பைப் பாரு. 'பேங்'னா என்ன?"

"அது வந்து... டமார்னு சத்தம்ங்க."

"'கிராஷ்'?"

"மோதி நொறுங்குறது."

"'ஸ்லாம்'?"

"ஓங்கிச் சாத்துறது."

"அட, என் பொழைப்பே அதானே! அப்ப பாராட்டுதான்!"

"ஆமாங்க. அடிச்சு நொறுக்கிட்டீங்களாம்" என்றாள். 'ஸ்லாம்' என்றால் கிழித்துத் தொங்கவிடுவது என்றும் ஒரு பொருள் உண்டு. அதை மென்று விழுங்கிவிட்டாள்.

அவருடைய கச்சேரியைப் பற்றி விமர்சகர் எழுதியிருந்தது இதுதான்: 'இது இசையல்ல, காதுக்குக் கிடைத்த தண்டனை.' முன்பொரு கச்சேரியில் யாரோ ஒருவர் முகம் சுளித்ததற்கே மனிதர் பல நாள் குச்சியைத் தொடவில்லை. இது தெரிந்தால் டிரம்ஸையே தலைமுழுகிவிடுவார்.

அவரோ, சாயங்காலம் மச்சான் திரும்பக் கூப்பிட்டுப் பேசியதும், பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டு, விமர்சகரையே வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். திட்டு வாங்கியவர் விருந்துக்கு அழைப்பது விமர்சகருக்கு இதுவே முதல் தடவை. சரியென்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தவரைப் படியிலேயே மடக்கினாள் மனைவி. "சார், நீங்க பாராட்டினதா நினைச்சுக்கிட்டிருக்கார். தயவுசெஞ்சு காட்டிக் கொடுத்துடாதீங்க."

"மூச்சு விடமாட்டேம்மா."

சாப்பாடு முடிந்தது. "உங்களுக்காகவே ஒரு தனிக் கச்சேரி சார்!" என்ற டிரம்மர், ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். விமர்சகரின் நாற்காலியைப் பெரிய டிரம்முக்கு ஒட்டினாற்போல் இழுத்துப் போட்டார். மனைவியை மட்டும் சமையலறைக்குள் போய் உட்காரச் சொன்னார்.

டமார்! படார்! டும்! அலமாரியில் தட்டுகள் குதித்தன. விமர்சகரின் மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது.

"எப்படி சார்?"

சமையலறைக் கதவிடுக்கிலிருந்து மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"பிர... பிரமாதம்!"

"அப்ப இன்னொண்ணு!"

ஒவ்வொரு பிரமாதத்துக்கும் இன்னொண்ணு வந்தது. சாயங்காலம் விமர்சகர் செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். "பார்த்துப் போங்க சார்" என்றாள் மனைவி. "இல்லம்மா, உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றார் அவர்.

கதவைத் தாழிட்டுப் பெருமூச்சு விட்டாள். எப்படியோ, புருஷன் மனசு நோகாமல் தப்பித்தது.

டிரம்மர் குச்சிகளைத் துடைத்து வைத்தபடி கேட்டார்.

"திட்டினதுக்கு இவ்வளவு போதுமா, டீச்சரம்மா?"