குறுக்கே ஒரு கயிறு

நகராட்சி கடலோரம் போட்ட நீல ஓட்டப்பாதைக்குக் குறுக்கே கரையில் நின்று இழுக்கும் தொம்மையின் கரைவலைக் கயிறு விறைத்து நின்றது. நான்கு நாள் வெறும் வலை இழுத்தபின், இன்றுதான் வலைக்குள் மீன் சிக்கியிருந்தது.

"ரெண்டே நிமிஷம் கயித்தத் தளத்துங்க. ஓடுறவங்க போயிரட்டும்," என்றார் ஓட்டப்பந்தயத்தை நடத்த வந்த விசில்காரர்.

"தளத்துனா மீனும் ஓடிரும் சார். அதுக்கும் மெடல் குடுப்பீங்களா?" என்றார் தொம்மை.

கயிறு பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். தொம்மை சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்த ஓட்டக்காரர்களில் ஒருவர் கடலைப் படமெடுத்தார்.

வலைக்கயிற்றுக்குக் கீழே குனிந்து கடப்பதே அந்த ஊர் வழக்கம்; தாண்டுவது வலைக்கு அவமரியாதை. விசில்காரர் அதை ஷூக்காலால் தரையோடு மிதித்து, "தாண்டுங்க," என்றார்.

தொம்மை கயிற்றை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நீலப்பாதையின் நடுவில் உட்கார்ந்தார்.

"இப்ப என்னைய மிதிச்சுத் தாண்டச் சொல்லும்."

கயிறு அவர் இடுப்பை இறுக்கியது. மீன் இன்னும் உள்ளேதான் இருந்தது.